மேடைக்கு நான் வரேன், பாம்பு வராது: நிகழ்ச்சி நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி, கல்லூரி, கம்பெனி விழாக்களுக்குப் பேச ஆள் கூப்பிடுற நிர்வாகிகளுக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும்,

காடு காடா அலைஞ்சு விலங்குகளைப் பத்தித் தெரிஞ்சுக்கறது என் வேலையில ஒரு பாதி, அதை மேடையில வந்து சொல்றது இன்னொரு பாதி. உங்கள்ல ஒருத்தர் சமீபத்துல என் பேச்சை ரத்து பண்ணிட்டீங்க. தேதி பேசி, போஸ்டர் அடிச்சு, எல்லாம் முடிஞ்ச பிறகு. உயிரோட ஒரு பாம்பைக் கொண்டு வரச் சொன்னீங்க, நான் முடியாதுன்னேன், அதுதான் காரணம். "விஷம் இல்லாததா ஒண்ணு போதும் சார், பசங்க கழுத்துல போட்டு போட்டோ எடுத்துக்குவாங்க, வெறும் பேச்சுன்னா கூட்டம் உக்காராது"ன்னு சொன்னீங்க, எனக்குப் பதிலா பாம்போட வர்ற வேற ஒருத்தரைப் பிடிச்சாச்சுன்னும் சொன்னீங்க. ரத்தானதுல வருமானம் போச்சு, வருத்தம்தான், ஆனா இந்த மடல் அதுக்காக இல்ல. இதே பேச்சு வேற வேற ஊர்லேர்ந்து வேற வேற குரல்ல வந்துக்கிட்டே இருக்கு, ஒவ்வொருத்தருக்கும் போன்ல தனியா விளக்கம் சொல்லிப் பாத்துட்டேன், ஒண்ணும் மாறல. அதான் எல்லாருக்கும் சேத்து இங்க எழுதுறேன்.

நீங்க கேக்குற அந்த 'லைவ் ஷோ' எப்படி இருக்கும்னு பக்கத்துல இருந்தே பாத்திருக்கேன். ஒரு விழாவுல எனக்கு முன்னாடி ஒருத்தர் சாரைப்பாம்போட வந்தாரு. பையிலேர்ந்து அதை வெளிய எடுத்தப்ப மூக்கு நுனி உரிஞ்சு சிவந்திருந்துச்சு, பெட்டியிலயோ டப்பாவுலயோ அடைச்சு வச்ச பாம்பு வழி தேடி முட்டி முட்டி அப்படி ஆகும். வாயை லேசா திறந்து வச்சு மூச்சு விட்டுச்சு. கூட்டத்துல எல்லாரும் "எவ்ளோ சாதுவா இருக்கு பாரு"ன்னாங்க. அது சாது இல்லைங்க, ஓய்ஞ்சு போயிருந்துச்சு. ஏசி ஹால்ல ரொம்ப நேரம் வச்சா பாம்பு உடம்பே குளிர்ந்து போயிடும், நமக்கு இருக்கிற மாதிரி உள்ளேர்ந்து சூடு உண்டாக்கிக்க அதால முடியாது, அந்த மந்தத்தைத்தான் நீங்க சாதுன்னு நினைக்கிறீங்க. பாம்புக்கு இமை கிடையாது, அத்தனை போன் ஃப்ளாஷும் நேரா கண்ணுல அடிச்சாலும் மூடிக்க வழியே இல்ல. காது மடல் இல்லாட்டியும் தாடை எலும்பு வழியா அதிர்வு உள்ள போகும், நீங்க வச்சிருந்த ஸ்பீக்கரோட பேஸ் மேடைப் பலகை வழியா அதுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அதைவிட எனக்கு ஆறாதது ஒண்ணு நடந்துச்சு. மூணாவது வரிசையில ஒரு சின்னப் பையன், பையை மடியில வச்சு அதுக்குப் பின்னாடி முகத்தை மறைச்சுக்கிட்டான். தொகுப்பாளர் அவனைத்தான் மேடைக்குக் கூப்பிட்டாரு. வரமாட்டேன்னவனைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து பாம்பு மேல கையை வைக்க வச்சாங்க, அவன் கையை உதறினான், எல்லாரும் சிரிச்சாங்க, மைக்குல "பயந்தாங்கொள்ளி"ன்னு ஒரு வார்த்தை வேற. அதுக்கு அப்புறம் நான் பேச வேண்டிய தலைப்பு என்ன தெரியுமா, பயத்தை ஜெயிப்பது எப்படி. அந்த ஹால்ல இருந்தவங்கள்ல பாம்பு விஷயத்துல சரியா நடந்துக்கிட்டது அவன் ஒருத்தன்தான். தெரியாத பாம்பைப் பாத்தா தள்ளி நில்லு, தொடாதேங்கறதுதான் களத்துல முதல் பாடம். அதைத் தானாவே செஞ்ச குழந்தையை நாம அவமானப்படுத்தி அனுப்பினோம்.

"இது காட்டுப் பாம்பு இல்ல, வீட்டுல வளர்த்த வெளிநாட்டுப் பாம்பு, சட்டப் பிரச்சனை இல்ல"ன்னு சிலர் சொல்றீங்க. இந்தியாவுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கிற நம்ம ஊர்ப் பாம்பை அனுமதி இல்லாம பிடிக்கிறதே குற்றம், அது உங்களுக்கும் தெரிஞ்சதாலதான் இந்தப் பதிலையே தயாரா வச்சிருக்கீங்க. சரி, வளர்த்த பாம்புன்னே வச்சுக்குவோம். கழுத்துல போட்டு போட்டோ எடுத்த குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? நாளைக்கு வைக்கோலுக்குப் பக்கத்துல தடியா, வட்டம் வட்டமா புள்ளி போட்ட ஒரு பாம்பு சுருண்டு கிடந்தா அது மலைப்பாம்புக் குட்டியா கண்ணாடி விரியனான்னு பெரியவங்களே குழம்புவாங்க. போன வாரம் மேடையில தொட்ட பாம்பு மாதிரியே இருக்கேன்னு ஒரு பிள்ளை கையை நீட்டினா யாரு பொறுப்பு?

ஒரு காட்சி என்ன செய்யும்ங்கறதுக்கு தேவாங்கு வகையைச் சேர்ந்த ஸ்லோ லோரிஸ் பெரிய உதாரணம். 2009 வாக்குல யூடியூப்ல ஒரு வீடியோ பரவுச்சு, ஒருத்தர் கிச்சுகிச்சு மூட்ட, அது ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு நிக்கும். உலகமே அழகுன்னு ரசிச்சுது. அது சந்தோஷத்துல தூக்கின கை இல்ல, தற்காப்பு. அதோட மேல் கையில உள்பக்கமா ஒரு சுரப்பி இருக்கு, அதை நக்கி எச்சில்ல கலந்தா விஷம், கடிக்கத் தயாராகுறப்ப அது எடுக்கிற நிலை அது. இந்த விஷயம் தெரியாம ஆளாளுக்கு "எனக்கும் ஒண்ணு வேணும்"னு கமெண்ட் போட்டாங்க. 2007லயே சர்வதேச வர்த்தகம் தடை செய்யப்பட்ட விலங்கு அது. வியாபாரிங்க விக்கிறதுக்கு முன்னாடி அதோட பல்லை வெட்டி எடுப்பாங்க, நகவெட்டி வச்சே. நிறைய அந்தப் புண்ணுலயே செத்துப் போகும். வீடியோ எடுத்தவங்களுக்கு விலங்கு மேல பாசம் இல்லாம இல்ல. பாசத்தோட போட்ட வீடியோவே இதைச் செஞ்சா, நீங்க மேடையில வச்சு செல்ஃபி எடுக்க விடுறது என்ன செய்யும்?

சிம்பன்ஸி ஆராய்ச்சியாளர் ஜேன் குடால் பேரை உங்க பாதி அழைப்பிதழ்ல பாக்குறேன், மேற்கோள் போடாத விழா இல்ல. அவங்க எப்படி வேலை செஞ்சாங்கன்னு கொஞ்சம் பாருங்க. 1960 ஜூலையில, 26 வயசுல, இன்னிக்கு தான்சானியான்னு சொல்ற நாட்டுல கோம்பே காட்டுக்குப் போனாங்க. முதல் சில மாசம் சிம்பன்ஸிங்க அவங்களைப் பாத்தாலே ஓடிப் போயிடும். ஒரு மேட்டு மேல பைனாகுலரோட உக்காந்து தூரத்துலேர்ந்து பாக்குறது, எழுதறது, மறுநாள் திரும்ப அங்கயே போறது, அவ்வளவுதான். அப்படிக் கிடந்து கிடந்துதான் அந்த வருஷக் கடைசிப் பகுதியில டேவிட் கிரேபியர்டுன்னு அவங்க பேர் வச்ச ஆண் சிம்பன்ஸி புல்லுத் தண்டைக் கறையான் புத்துக்குள்ள விட்டுக் கறையானை எடுத்துத் தின்னதைப் பாத்தாங்க, மனுஷன் மட்டும்தான் கருவியைப் பயன்படுத்துவான்ங்கற நம்பிக்கை அதோட ஆட்டம் கண்டுச்சு. பின்னாடி காட்டைவிட்டு மேடைக்கு வந்தவங்க வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 300 நாள் பயணத்துலயே இருந்தாங்க, 2025 அக்டோபர் 1ஆம் தேதி 91 வயசுல இறந்ததும் ஒரு பேச்சுப் பயணத்துக்கு நடுவுலதான். அத்தனை மேடையிலயும் அவங்க கையோட கொண்டு போனது ஒரு துணி பொம்மை, மிஸ்டர் எச்னு பேரு, கேரி ஹான்ங்கற பார்வை இல்லாத மேஜிக் கலைஞர் குடுத்தது. சிம்பன்ஸின்னு நினைச்சு அவர் குடுத்த பொம்மைக்கு வால் இருந்துச்சு, சிம்பன்ஸிக்கு வால் கிடையாது. அந்தப் பொம்மையை வச்சும், சிம்பன்ஸி மாதிரி குரல் குடுத்தும் ஹால் ஹாலா ஜனங்களைக் கட்டிப் போட்டாங்க. உயிருள்ள விலங்கு இல்லாட்டி கூட்டம் உக்காராதுன்னு என்கிட்ட சொல்றவங்க இதுக்கு என்ன சொல்வீங்க?

அடுத்தது, நீங்க எங்ககிட்ட எதிர்பாக்குற கதை. பேச்சுக்கு முன்னாடி வர்ற மெயில்ல தவறாம ஒரு வரி இருக்கும், "உயிர் தப்பிய அனுபவம் ரெண்டு மூணு கட்டாயம் சேத்துக்குங்க". ஒரு தடவை என் ஸ்லைடுகளை முன்கூட்டியே வாங்கிப் பாத்த ஒருத்தர் யானைக் கதையைத் தூக்கச் சொன்னாரு. அந்தக் கதை இதுதான். காட்டுல வழிகாட்டி ஒருத்தரோட போயிட்டிருந்தேன், என்னைவிட ரொம்ப வயசானவர், அந்தக் காட்டுலயே பொறந்து வளந்தவர். திடீர்னு என் மணிக்கட்டைப் பிடிச்சு நிறுத்தினாரு. எனக்கு ஒண்ணும் தெரியல, சத்தமும் இல்ல. கையில இருந்த மண்ணைக் கொஞ்சம் உதிர விட்டுக் காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்தாரு, நம்ம வாசம் முன்னாடிதான் போயிட்டிருந்துச்சு. அப்புறம்தான் மூங்கிலுக்கு அந்தப் பக்கம் ஒரு காது அசையறது தெரிஞ்சுது, கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல கன்னத்துல ஈரமா ஒரு கோடு வழிஞ்சிருந்துச்சு, மதம் பிடிச்ச ஆண் யானை. பெரியவர் ஒரு வார்த்தை பேசல, என்னைத் திருப்பி விட்டாரு, வந்த வழியே மெதுவா திரும்பி நடந்தோம். அன்னிக்குப் போக வேண்டிய இடத்துக்குப் போகல, காட்டுல வச்சிருந்த தானியங்கிக் கேமராவோட மெமரி கார்டையும் எடுக்கல, நாள் முழுக்க வீண். கதை முடிஞ்சுது. "இதுல க்ளைமாக்ஸ் இல்லையே சார், யானை துரத்துற மாதிரி எதுவும் இல்லையா"ன்னு கேட்டாரு. இல்லைங்க. துரத்தாம இருந்ததுதான் அந்த மனுஷரோட திறமை. காட்டுல முப்பது நாப்பது வருஷம் நடந்து முழுசா வீடு திரும்புறவங்ககிட்ட இருக்கிற எல்லாக் கதையும் இப்படித்தான் இருக்கும்.

டிவியில முதலை, பாம்புன்னு கையால பிடிச்சுக் காட்டின ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வினை நானும் பாத்து வளந்தவன்தான், விலங்குகளை அவர் நேசிச்சதுல எனக்குத் துளி சந்தேகம் கிடையாது. 2006 செப்டம்பர் 4ஆம் தேதி ஆஸ்திரேலியாவுல பேட் ரீஃப் பகுதியில படப்பிடிப்புக்கு நடுவுல திருக்கை மீனோட முள்ளு நெஞ்சுல இறங்கி 44 வயசுல போயிட்டாரு. திருக்கை பொதுவா ஆளைக் கண்டா விலகிப் போற மீன், அதால மனுஷன் சாகுறது அபூர்வம். அந்த இறப்புக்குப் பிறகு குயின்ஸ்லாந்து கடற்கரைகள்ல திருக்கைகள் செத்துக் கிடந்துச்சு, சிலதுக்கு வாலை வெட்டியிருந்தாங்க, பழிவாங்குறோம்னு யாரோ செஞ்சிருக்கலாம்னு அப்ப பேச்சு. வாழ்நாள் முழுக்க விலங்குகளுக்காகப் பேசின ஒருத்தர் பேரால! ஆபத்தையே கதையோட மையமா வச்சா கேக்குறவங்க மனசுல தங்குறது விலங்கு மேல பாசம் இல்ல, விலங்கு எதிரிங்கறது மட்டும்தான்.

நிபுணன்னா ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கிறவங்களுக்கு ஜோ ஸ்லோவின்ஸ்கி கதையைச் சொல்லணும். கலிபோர்னியா அகாடமி ஆஃப் சயின்சஸ்ல ஊர்வன ஆராய்ச்சியாளர். 2001 செப்டம்பர்ல மியான்மர்ல ஒரு பையில கையை விட்டாரு, உள்ள இருந்தது அதே மாதிரி பட்டை போட்ட விஷமில்லாத பாம்புன்னு நினைச்சு, ஆனா கட்டுவிரியன் வகை. கூட இருந்தவங்க மணிக்கணக்கா மாத்தி மாத்தி வாயால மூச்சு குடுத்துக்கிட்டே இருந்தாங்க, வானிலை மோசமா இருந்ததால ஹெலிகாப்டர் வர முடியல, இறந்துட்டாரு. 38 வயசு. பாம்பைப் பத்தி உலகத்துலயே நல்லா தெரிஞ்சவங்கள்ல ஒருத்தர். உங்க மேடைக்கு வர்றவர் பையில கையை விடுறப்ப எனக்கு இவர்தான் ஞாபகத்துக்கு வர்றாரு.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு விளக்குறேன்னா பாம்புக்கடி இன்னும் சாதாரண ஜனங்களைக் கொன்னுக்கிட்டு இருக்கு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி வருஷத்துக்கு 81,000லேர்ந்து 1,38,000 பேர் வரைக்கும் சாகுறாங்க, 2017லதான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியல்லயே சேத்தாங்க. இந்தியாவுலதான் அதிகம், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலு பாம்பு முக்கியக் காரணம். கட்டுவிரியன் ராத்திரி தரையில தூங்குறவங்களைக் கடிக்கும், பெரிசா வலிக்காது, வீக்கமும் இருக்காது, கொசு கடிச்சதுன்னு திரும்பிப் படுத்துடுவாங்க, அப்புறம் கண் இமை தானா தொங்க ஆரம்பிக்கும், பேச்சு குழறும், மூச்சு நின்னுடும். கடிச்ச இடத்தை அறுக்கக் கூடாது, வாயால உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கயிறு கட்டக் கூடாது, கை காலை அசைக்காம வச்சு விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும். இதைச் சொல்ல அஞ்சு நிமிஷம் போதும். அந்த அஞ்சு நிமிஷத்தை "நெகட்டிவா இருக்கு, மோட்டிவேஷன் மூட் கெட்டுடும்"னு வெட்டச் சொன்ன ஏற்பாட்டாளர் இருக்காரு. அந்த ஹால்ல இருக்கிற யாரோ ஒரு பிள்ளை என்னிக்கோ ஒரு நாள் அப்பாவையோ தம்பியையோ சரியான இடத்துக்குத் தூக்கிட்டு ஓடுறதைவிட எந்த மோட்டிவேஷன் பெருசுன்னு எனக்குப் புரியல.

மேடையில நிக்க வேண்டியவங்க நாங்க மட்டும்தானான்னும் யோசிங்க. மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு இருளர்கள். 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துலேர்ந்து வந்தவங்க, விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டுலயே விட்டுடுற சங்கம் அது. 2017ல அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல பர்மிய மலைப்பாம்பு பெருகிப் போய் அங்க உள்ளவங்க திணறினப்ப இவங்களைத்தான் கூப்பிட்டாங்க, முதல் எட்டு நாள்ல 13 மலைப்பாம்பைப் பிடிச்சுக் குடுத்தாங்க. மண்ணுல கிடக்குற தடம், புல்லு சாய்ஞ்ச விதம், உரிச்ச சட்டை, எச்சம், இதையெல்லாம் படிச்சுத்தான் கண்டுபிடிக்கிறாங்க. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சுது. ஆனா அவங்க மாதிரி ஆளுங்களை உங்க விழாவுக்குக் கூப்பிடச் சொன்னா "இங்கிலீஷ் பேசுவாங்களா, பிபிடி இருக்கா"ன்னு கேக்குறீங்க. எங்களை மாதிரி மைக் பிடிக்கிறவங்க சொல்றதுல பெரும் பகுதி இவங்களும் என் மணிக்கட்டைப் பிடிச்ச அந்தப் பெரியவர் மாதிரி ஆளுங்களும் கத்துக்குடுத்தது. பேர், படம், கைதட்டல் எல்லாம் எங்களுக்கு வருது, அவங்களுக்கு ஒரு நாள் கூலி.

இந்த வாழ்க்கை போஸ்டர்ல தெரியுற மாதிரி இல்லைன்னும் உங்ககிட்ட சொல்லணும், ஏன்னா நீங்க பிள்ளைங்களுக்கு அதைத்தான் கனவா விக்கிறீங்க. என் படத்தை வெட்டிப் பக்கத்துல வாயைப் பிளந்த புலியை ஒட்டி 'புலியோடு வாழ்ந்தவர்'னு போட்டிருந்தீங்க. நான் எந்தப் புலியோடயும் வாழல, புலி இருந்த இடத்துல நிறைய நாள் அதைப் பாக்காம வாழ்ந்திருக்கேன். தானியங்கிக் கேமராவுல ஆயிரக்கணக்குல காத்துக்கு ஆடுற புல்லோட படம்தான் விழும், ஒவ்வொண்ணா பாத்துத் தள்ளணும். அட்டை கடிச்ச இடம் அரிச்சுக்கிட்டே இருக்கும், காய்ச்சல் வந்தா மலேரியாவான்னு பயம், மழைக்காலத்துல எழுதின நோட்டு ஊறிப் போகும், வீட்டுல நல்லது கெட்டதுக்கு இருக்க மாட்டோம். நிரந்தர சம்பளம் இல்லாத நிறைய பேருக்கு இந்தப் பேச்சுல வர்ற பணம்தான் அடுத்த களப்பயணத்துக்கு டீசல். அதனாலதான் "இது பசங்களுக்கான நல்ல காரியம், ஃபீஸ் வேண்டாமே, உங்களுக்கும் நல்ல எக்ஸ்போஷர்"னு சொல்றப்ப வலிக்குது, அதே விழாவுல சவுண்டுக்காரருக்கும் பந்தல்காரருக்கும் நீங்க முழுக் காசு குடுக்குறீங்க, அது நியாயம்தான், எங்களுக்கும் அதே நியாயத்தைக் கேக்குறோம்.

அதனால உங்ககிட்ட நேரா கேக்குறேன்.

உயிருள்ள எந்தக் காட்டு விலங்கையும், வளர்ப்புன்னு சொல்லிக்கிட்டு வர்ற பாம்பு, ஆந்தை, உடும்பு எதையும், மேடைக்குக் கொண்டு வரச் சொல்லாதீங்க, கொண்டு வரேன்னு சொல்றவங்களையும் கூப்பிடாதீங்க. இதை உங்க அழைப்புக் கடிதத்துலயே ஒரு நிபந்தனையா எழுதுங்க. இப்ப என் இடத்துல ஏற்பாடு பண்ணியிருக்கிற அந்த நிகழ்ச்சியை நடத்துங்க, பாம்பு இல்லாம நடத்துங்க, அதைப் பேச வர்றவர்கிட்ட இந்த வாரமே சொல்லிடுங்க.

எந்தக் குழந்தையையும் பயத்தைப் போக்குறேன்னு எதையும் தொட வைக்காதீங்க. ஏற்கெனவே அப்படி எடுத்த படங்கள் உங்க பக்கத்துல, புரோஷர்ல இருந்தா எடுத்துடுங்க.

பேச்சோட உள்ளடக்கத்தைப் பேசுறவர்கிட்ட விடுங்க. பாம்புக்கடி முதலுதவிக்கு அஞ்சு நிமிஷத்தையும் பிள்ளைங்க கேள்வி கேக்க இருபது நிமிஷத்தையும் நேரம் போதலைன்னாலும் வெட்டாதீங்க, வேணும்னா பொன்னாடை, நினைவுப் பரிசைக் குறைச்சுக்குங்க.

காட்டை எங்களுக்குக் கத்துக்குடுத்தவங்களுக்கு, வழிகாட்டிகளுக்கும் பாம்பு பிடிக்கிறவங்களுக்கும், வருஷத்துக்கு ஒரு மேடையாவது குடுங்க, எனக்குத் தர்ற அதே தொகையைக் குடுங்க, அவங்க மொழியிலயே பேச விடுங்க. யாரைக் கூப்பிடறதுன்னு தெரியலைன்னா என்னைக் கேளுங்க, அவங்க சம்மதம் கேட்டு நானே சேத்து வைக்கிறேன், மொழிபெயர்க்க ஆள் வேணும்னாலும் காசு வாங்காம நானே வந்து பக்கத்துல நிக்கிறேன்.

ரத்து பண்ணின ஏற்பாட்டாளரே, உங்க பேரை நான் எங்கயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். அதே தேதியை இன்னும் யாருக்கும் குடுக்காமத்தான் வச்சிருக்கேன். பாம்பு வராதுன்னு எழுதிக் குடுத்தா வரேன். பதிலை இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க மேடைகள்ல பேசுற ஒரு காட்டாளன்